நீல அட்டை, மெடிஷீல்டு லைஃப், தனியார் திட்டம்: பிள்ளைகள் உள்ள குடும்பம் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பிள்ளை பிறந்த சில வாரங்களில் சிங்கப்பூரில் பல வீடுகளில் இதே பேச்சுதான். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் மட்டும் போதுமா, தனியார் காப்புறுதி ஒன்றும் எடுத்துவிடலாமா? கேள்வி நியாயமானது. ஆனால் வாடகை, பேருந்து, பால் மாவு எல்லாம் போக மாதக் கடைசியில் இருநூறு வெள்ளி மிஞ்சினால் பெரிது என்னும் குடும்பத்துக்கு அது இரண்டாவது கேள்வி. அரசாங்கக் கணக்கில் உங்கள் வீட்டின் தலைக்கு வருமானம் எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. தனியார் மருந்தகத்தில் கட்டணக் கழிவு தரும் சாஸ் அட்டையின் நிறம் (நீலம், ஆரஞ்சு, பச்சை), மெடிஷீல்டு லைஃப் சந்தாவுக்கான மானியம், அரசாங்க மருத்துவமனையின் வார்டிலும் நிபுணத்துவ மருந்தகத்திலும் கிடைக்கும் கழிவு என மூன்றும் அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. அது தவறாகப் பதிவாகியிருந்தால் ஆண்டுக்குப் பல நூறு வெள்ளி கைவிட்டுப் போகும். அதைச் சரிசெய்யாமல் தனியார் திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

தலைக்கு எவ்வளவு என்பது எப்படிக் கணக்காகிறது

ஒரே அடையாள அட்டை முகவரியில் இருக்கும், இரத்த உறவாலோ திருமணத்தாலோ சட்டப்படியான தத்தெடுப்பாலோ குடும்பமான அனைவரும் ஒரு வீடு. அவர்களுடைய மொத்த மாத வருமானத்தை அத்தனை பேர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் மட்டும் கணக்கில் வராது. மேலதிக நேரச் சம்பளம், படிகள், கமிஷன், போனஸ் எல்லாம் சேரும். மசே நிதிக்கு (மத்திய சேம நிதி) ஊழியர் செலுத்தும் பங்கைக் கழிப்பதற்கு முந்திய தொகைதான் கணக்கு. பலர் கைக்கு வரும் சம்பளத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் ஆரஞ்சு வந்தது என்று குழம்புவது இதனால்தான். பணிப்பெண்ணும் வாடகைக்கு இருப்பவரும் எண்ணிக்கையில் வரமாட்டார்கள்.

2024 அக்டோபரில் வரம்புகள் உயர்ந்தன. சாஸ் திட்டத்தில் தலைக்கு 1,500 வெள்ளி வரை நீலம், அதற்கு மேல் 2,300 வரை ஆரஞ்சு, அதையும் தாண்டினால் பச்சை. முன்பு நீலத்தின் வரம்பு 1,200ஆகவும் ஆரஞ்சின் வரம்பு 2,000ஆகவும் இருந்தன. ஆகவே சில ஆண்டுகளுக்குமுன் பச்சை அட்டை வாங்கிவிட்டு, நமக்கு ஒன்றும் கிடைக்காது என்று விட்டவர்கள் இப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். கணவர் 4,000 வெள்ளி, மனைவி பகுதிநேர வேலையில் 2,200, இரண்டு பிள்ளைகள். மொத்தம் 6,200, நால்வருக்கு வகுத்தால் 1,550. ஆரஞ்சு. அதே வீட்டில் பாட்டி இருக்கிறார், ஆனால் அவருடைய அடையாள அட்டையில் மூத்த மகன் வீட்டு முகவரியே இன்னும் இருக்கிறது. அவருக்கு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முகவரியை மாற்றினால் ஐவருக்கு வகுத்து 1,240. வீடு முழுவதும் நீலத்துக்கு வந்துவிடும். முகவரி மாற்றத்தை 28 நாளுக்குள் தெரிவிப்பது எப்படியும் சட்டக் கடமை.

இதே விஷயம் எதிர்த்திசையிலும் நடக்கும். கல்யாணமாகித் தனி வீடு போன தம்பி 5,500 வெள்ளி சம்பாதிக்கிறார். அடையாள அட்டை முகவரியை மட்டும் மாற்றவில்லை. பாட்டியையும் சேர்த்து அறுவர், மொத்தம் 11,700. தலைக்கு 1,950 ஆகி வீடு ஆரஞ்சுக்குப் போய்விடும். அண்ணன் பிள்ளைகள் காய்ச்சலுக்கு மருந்தகம் போகும்போதெல்லாம் அதற்கான விலையைக் கொடுப்பார்கள். உண்மையில் எங்கே வசிக்கிறார்களோ அந்த முகவரியே அட்டையில் இருக்க வேண்டும். மானியத்துக்காகப் பாட்டியைப் பெயரளவில் மட்டும் இங்கே மாற்றுவது பொய்த் தகவல் கொடுப்பது. அதைச் செய்ய வேண்டாம்.

வீட்டில் யாருக்கும் வருமானம் இல்லாவிட்டால் சாஸ் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கும் என மதிப்பிடப்படும் தொகையைப் பார்க்கும். 21,000 வெள்ளி வரை நீலம், 31,000 வரை ஆரஞ்சு.

விண்ணப்பம் தடைபடும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஒப்புதல். வீட்டில் 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தம் வருமானத் தகவலைப் பார்க்க ஒப்புதல் தர வேண்டும். தேசிய சேவையில் இருக்கும் மகனோ, அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமாவோ அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கில் ஒப்புதல் தராமல் விட்டால் முழு வீட்டின் கோரிக்கையும் நிற்கும். இரண்டு, பழைய தரவு. ஆட்குறைப்பில் வேலை போனவருக்கும், டாக்ஸி அல்லது தனியார் வாடகை வாகனம் ஓட்டி வருமானம் சரிந்தவருக்கும் கணக்கில் தெரிவது முந்திய காலத்து வருமானம். வேலை நீக்கக் கடிதம், புதிய சம்பளச் சீட்டு, வருமான வரி மதிப்பீடு ஆகியவற்றோடு மறுபரிசீலனை கேளுங்கள். அட்டை இரண்டு ஆண்டுக்குச் செல்லும் என்பதால், நிலைமை இடையில் மாறினால் நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

காய்ச்சல், சளி, ஆஸ்துமா: புளோக்கின் கீழ் உள்ள மருந்தகமா, பலதுறை மருந்தகமா

சாதாரண நோய்க்குச் சாஸ் மருந்தகத்தில் நீல அட்டைக்கு ஒரு வருகைக்கு 18.50 வெள்ளி வரை, ஆரஞ்சுக்கு 10 வெள்ளி வரை கழிவு. பச்சைக்கு ஒன்றுமில்லை. மருந்தோடு 40 வெள்ளி கட்டணம் வந்தால் நீல அட்டைக்காரர் கொடுப்பது 21.50. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 24 வருகை வரை இந்தக் கழிவு உண்டு. சாஸ் மருந்தகங்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஆகவே அதே கழிவுக்குப் பின்னும் ஒரு மருந்தகத்தில் 12 வெள்ளியும் அடுத்த தெருவில் 30 வெள்ளியும் வரலாம். பதிவு செய்யும் மேசையிலேயே "சாஸ் கழிவுக்குப்பின் பிள்ளைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு அது பழகிப்போன கேள்வி.

அரசாங்கம் நடத்தும் பலதுறை மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஆலோசனைக் கட்டணமே மானியத்தோடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பெரியவர்களைவிடக் குறைவு. மானியப் பட்டியலில் உள்ள வழக்கமான மருந்துகளுக்கு வருமானம் குறைந்தோருக்கு 75 விழுக்காடு வரை கழிவு. பணக் கணக்கில் பெரும்பாலும் இதுவே மலிவு. விலை நேரத்தில் கொடுக்கப்படுகிறது. முன்பதிவு கிடைக்காத நாளில் காய்ச்சலடிக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் போகும். நாள் சம்பளத்துக்குப் போகும் பெற்றோருக்கு அரை நாள் சம்பளம் கழிவைவிடப் பெரிய தொகை. எங்கள் கருத்து இது: நீல அட்டை இருந்தால் திடீர் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு அருகிலுள்ள சாஸ் மருந்தகம், பச்சை அட்டை இருந்தால் பலதுறை மருந்தகம், ஆரஞ்சுக்கு அந்த நாளின் வேலையைப் பொறுத்து.

நாட்பட்ட நோய் என்றால் கணக்கு மாறுகிறது. சாஸ் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் 23 நோய்கள் உள்ளன. ஆஸ்துமாவும் ஒவ்வாமை மூக்கழற்சியும் அதில் அடக்கம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரவெல்லாம் மூக்கடைப்பு என்று நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு நோய், சிக்கல் இல்லை என்றால் நீல அட்டைக்கு வருகைக்கு 80 வெள்ளி வரை, ஆண்டுக்கு 320 வரை. ஆரஞ்சுக்கு 50, ஆண்டுக்கு 200. பச்சைக்கும் இங்கே 28 வெள்ளி வரை உண்டு, ஆண்டுக்கு 112. இரண்டு நோய் சேர்ந்தாலோ சிக்கல் இருந்தாலோ வரம்பு கூடும்: நீலத்துக்கு ஆண்டுக்கு 500 வெள்ளி. மருத்துவர் அந்த வருகையை நாட்பட்ட நோய் வருகையாகப் பதிந்தால்தான் இது கிடைக்கும். இன்ஹேலர் வாங்கப் போன நாளில் ரசீதில் 18.50 மட்டும் கழிந்திருந்தால், எந்த வகையில் பதிந்தார்கள் என்று கேளுங்கள்.

தடுப்பூசிக்கு ஒப்பீடே தேவையில்லை. தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகள் 2020 நவம்பர் முதல் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்திலும் சாஸ் மருந்தகத்திலும் முழு மானியத்தில் கிடைக்கின்றன.

நிபுணரிடம் போக வேண்டியிருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரியது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடோ, நீலம் அல்லது ஆரஞ்சு அட்டை வைத்துச் சாஸ் மருத்துவர் தரும் கடிதத்தோடோ போனால் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலும் பிற அரசாங்க மருத்துவமனைகளிலும் மானிய நோயாளியாகச் சேர்வீர்கள். கடிதம் இல்லாமல் "சீக்கிரம் பார்க்கலாம்" என்று நேரே நிபுணரைக் கேட்டால் தனியார் நோயாளியாகப் பதிவார்கள். பிறகு மானிய வகுப்புக்கு மாற மருத்துவச் சமூக சேவையாளரின் மதிப்பீடு வேண்டும். அது உடனே நடக்காது, உறுதியும் கிடையாது. ஆறு மாதம் தொடர வேண்டிய சிகிச்சையை அந்த முதல் நாள் அவசரம் விலையேற்றிவிடும்.

மெடிஷீல்டு லைஃப் போதுமா, தனியார் திட்டம் சேர்க்கவா

மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரில் தொடங்கியது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் தானாக வரும். பிறவிக் குறைபாடும் முன்பே இருந்த நோயும் அதில் அடங்கும், யாரையும் மறுக்காது. 2025 ஏப்ரலிலிருந்து 20 வயது வரையிலான பிள்ளைக்கு ஆண்டுச் சந்தா 200 வெள்ளி. ஆண்டுக்கு 200,000 வெள்ளி வரை கோரலாம், ஆயுள்கால உச்சவரம்பு இல்லை.

அந்த 200க்கும் மானியம் உண்டு. ஆண்டு மதிப்பு 21,000 வரையுள்ள வீட்டில் வசிக்கும் குடியுரிமைப் பிள்ளைக்குத் தலைக்கு வருமானம் 1,500 வரை என்றால் 25 விழுக்காடு. 2,500 வரை 20. 3,600 வரை 15. அதாவது 150, 160, 170 வெள்ளி. சாஸ் பச்சை வந்த குடும்பத்துக்கும் இங்கே மானியம் இருக்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டின் ஆண்டு மதிப்பு 21,000க்கும் 31,000க்கும் இடையில் இருந்தால் 10 விழுக்காட்டுப் புள்ளி குறையும். ஒன்றுக்கு மேல் சொத்து இருந்தால் மானியம் இல்லை. தனி விண்ணப்பம் வேண்டாம், தானாகக் கழியும். மேலே சொன்ன குடும்ப விவரமும் ஒப்புதலும் சரியாக இருந்தால்.

இப்போது மசே நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பக்கம் வருவோம். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குடியுரிமைப் பிள்ளைக்கு அரசாங்கம் மெடிசேவில் 5,000 வெள்ளி போடுகிறது, அதற்குமுன் 4,000. மெடிசேவ் வட்டி ஆண்டுக்குக் குறைந்தது 4 விழுக்காடு. 5,000க்கு 200 வெள்ளி வட்டி. நீல அட்டை வீட்டுப் பிள்ளையின் சந்தா 150. முதலைத் தொடாமலேயே அடிப்படைக் காப்புறுதி வட்டியிலேயே ஓடும். 21 வயதில் சந்தா உயரும்வரை பெற்றோர் கையிலிருந்து எதுவும் போகாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் காப்புறுதி முகவரின் தாளைப் பார்க்க வேண்டும்.

தனியார் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டத்தை ஏஐஏ, கிரேட் ஈஸ்டர்ன், எச்எஸ்பிசி லைஃப், இன்கம், புருடென்ஷியல், ராஃபிள்ஸ், சிங்லைஃப் ஆகிய ஏழு நிறுவனங்கள் விற்கின்றன. அது மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் கட்டிய மாடி. கீழ்த்தளத்துக்கு மானியம் தொடரும், மாடிக்குக் கிடையாது. மாடியின் சந்தாவை 40 வயது வரை ஆண்டுக்கு 300 வெள்ளி வரைதான் மெடிசேவில் கட்டலாம். பிள்ளையின் கணக்கிலிருந்தே 150ம் 300ம் எடுத்தால் அந்த 5,000 வட்டியோடும் சுமார் 15 ஆண்டில் தீர்ந்துவிடும். நம் பங்குச் செலவைக் குறைக்கும் துணைத் திட்டமான ரைடரைச் சேர்த்தால் அது முழுக்க ரொக்கம். 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள் நோயாளி முதலில் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஈடுகட்டக்கூடாது; நோயாளியின் பங்கான இணைக்கட்டணத்தின் ஆண்டு உச்சவரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து குறைந்தது 6,000க்கு உயர்கிறது. "ஒரு காசும் கட்ட வேண்டாம்" என்ற பழைய விளம்பரப் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தனியார் திட்டம் உண்மையில் எதை வாங்கித் தருகிறது? அரசாங்க மருத்துவமனையின் வசதி கூடிய பி1, ஏ வார்டு அல்லது தனியார் மருத்துவமனை, விரும்பும் மருத்துவர், குறுகிய காத்திருப்பு. சி, பி2 வார்டுகளில் படுக்கைகள் அதிகம், பொதுவாகக் குளிர்சாதனம் இருக்காது, மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் குடிமக்களுக்கு அங்கே வருமானத்தைப் பொறுத்து 50 முதல் 80 விழுக்காடு வரை மானியம். மெடிஷீல்டு லைஃப் அந்த வார்டுகளின் கட்டணத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டது. தனியார் திட்டம் எடுத்துவிட்டுக் கடைசியில் சி வார்டில் சேர்ந்தால், மாடிக்குக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி பயன்படவில்லை என்று பொருள். ஏ வார்டில் சேர்ந்தால் வார்டு மானியம் போய்விடும், அந்த முழுக் கட்டணமும் காப்புறுதியின் நிபந்தனைகளை நம்பி நிற்கும்.

தனியார் திட்டத்துக்கு ஒரு வலுவான காரணம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. நோய் கண்டறிந்த பிறகு நிறுவனங்கள் அதை விலக்கி வைக்கலாம். குறைமாதக் குழந்தைக்கும், ஆஸ்துமா பதிவான பிள்ளைக்கும் விலக்கு வருவது உண்டு. எடுப்பதென்றால் ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிள்ளைக்குச் சந்தா குறைவு என்பதால் எடுத்து, வயது ஏறஏறக் கட்ட முடியாமல் விட்டால், அதுவரை கட்டியதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. பெற்றோரின் மெடிசேவ் அவர்களுடைய முதுமைக்கும் வேண்டும்.

தலைக்கு 1,500க்குள் இருக்கும் குடும்பம் மெடிஷீல்டு லைஃபோடு நிற்கலாம். மிஞ்சும் ரொக்கத்தை அவசரத்துக்கு வங்கியில் வைப்பது மேல். அந்தப் பணம் எங்கே தேவைப்படும் என்றால், சிறிய சிகிச்சையில். மெடிஷீல்டு லைஃபிலும் ஒவ்வோர் ஆண்டும் முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு, அதற்கு மேலான தொகையில் 3 முதல் 10 விழுக்காடு நம் பங்கு. சி வார்டில் இரண்டு நாள் படுத்த பிள்ளையின் கட்டணம் மானியத்துக்குப்பின் அந்த முதல் தொகையைவிடக் குறைவாக இருந்தால் காப்புறுதி எதுவும் தராது. காப்புறுதி ஏமாற்றிவிட்டது என்று சிலர் கோபப்படுவது இந்த இடத்தில்தான். அப்போது பெற்றோரின் மெடிசேவைப் பயன்படுத்தலாம். தலைக்கு 2,300க்கும் மேல், பெற்றோர் இருவருக்கும் நிலையான வேலை என்றால் பி1 வார்டு அளவிலான திட்டத்தை ரைடர் இல்லாமல் பரிசீலிப்பதில் தவறில்லை. தனியார் மருத்துவமனைத் திட்டத்தை இந்த வருமானத்தில் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரே வீட்டில் பல குடியுரிமை

நம் சமூகத்தில் இது சாதாரணம்: அப்பா குடிமகன், அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர், மாமா நிரந்தரவாசி. நிரந்தரவாசிக்கு மெடிஷீல்டு லைஃப் உண்டு, சந்தா மானியம் குடிமக்களுக்குக் கிடைப்பதில் பாதி. சாஸ் கிடையாது, ஆனால் அவருடைய வருமானம் வீட்டுக் கணக்கில் சேரும். நிரந்தரவாசிப் பிள்ளைக்கு 5,000 வெள்ளி மெடிசேவ் மானியமும் இல்லை. நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் தாய்க்கு மெடிஷீல்டு லைஃபே இல்லை. அதன் "பிளஸ்" வகை அனுமதி இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் உள்நோயாளி மானியம் மட்டும் உண்டு. தனியார் காப்புறுதிக்கு வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது பிள்ளைக்கு அல்ல, இந்தத் தாய்க்கே போக வேண்டும். வீட்டில் அடிப்படைப் பாதுகாப்பே இல்லாதவர் அவர்தான்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் இந்தியாவில் பிள்ளை பெற்றால், குடியுரிமை பதிவாகும்வரை அந்தப் பிள்ளைக்கு மெடிஷீல்டு லைஃபும் மானியமும் தொடங்காது. பிறந்த ஓர் ஆண்டுக்குள் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். இடைப்பட்ட மாதங்களில் பிள்ளையை இங்கே கொண்டுவருவதாக இருந்தால் பயணக் காப்புறுதியாவது எடுத்து வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கட்ட முடியாவிட்டால்

மானியம், மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் மூன்றும் போக மிஞ்சுவதற்கு அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்ட் இருக்கிறது. 1993இல் தொடங்கியது, பிள்ளைகளுக்கான மெடிஃபண்ட் ஜூனியர் 2013 மார்ச்சில் வந்தது. குடிமக்களுக்கு மட்டும், அரசாங்க மருத்துவமனை போன்ற மெடிஃபண்ட் அங்கீகாரம் பெற்ற இடத்தில் மானிய நோயாளியாக இருந்தால் மட்டும். ஏ வார்டில் சேர்ந்தவர் இதைக் கேட்க முடியாது. சந்தாவே கட்ட முடியாதவருக்குக் கூடுதல் சந்தா ஆதரவு தனியாக உண்டு. பணம் இல்லை என்பதற்காக மெடிஷீல்டு லைஃப் பறிபோகாது.

மெடிஃபண்டுக்கு மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும். பிள்ளை வார்டில் இருக்கும்போதே தாதியிடம் கேட்டு அவரைச் சந்தியுங்கள். வீட்டுக்கு வந்து, நினைவூட்டல் கடிதம் இரண்டு முறை வந்த பிறகு போனால் தவணை பேசத்தான் முடியும் என்ற நிலை வரலாம். அடையாள அட்டைகள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மசே நிதி அறிக்கை, வாடகை அல்லது வீட்டுக் கடன் விவரம், பிற மருத்துவச் செலவு ரசீதுகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். படிவம் நிரப்ப மொழி தடையாக இருந்தால் வட்டாரச் சமூக சேவை அலுவலகத்துக்கோ குடும்பச் சேவை நிலையத்துக்கோ போய்க் கேளுங்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.